கதாநாயகனுக்கு வந்த சம்பந்தம்

கானோ நகரத்துத் துணிச்சந்தையில் அல்ஹாஜி முந்தாரியிடம் ஒரு விரற்கடை துணி கூடுதலாக வாங்கியவர் என்று யாரும் கிடையாது. வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் திரிந்தார். வீட்டுக்குப் போய் அளந்து பார்த்ததோடு அவரும் வாயை மூடிக்கொண்டார்.

நான் அதே சந்தையில் தரகன். விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைத்துவிட்டு இரண்டு பக்கமும் கொஞ்சம் கிள்ளிக்கொள்வது என் தொழில். அல்ஹாஜியின் மனைவி லுபாபா என் மாமா மகள். அத்தை மகனும் மாமா மகளும் ஒருவரை ஒருவர் வாரிவிடுவது எங்கள் ஹவுசா ஜனங்களில் பிறப்புரிமை. அவள் என்னை 'டேய்' என்று கூப்பிடாத நாளில்தான் அவளுக்குக் காய்ச்சலோ என்று வீட்டில் கவலைப்படுவார்கள்.

எங்கள் ஊரில் கணவன்மார் மாலையில் வீடு திரும்பும்போது, சுட்ட இறைச்சியைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வருவார்கள். காகிதத்தில் எண்ணெய் எவ்வளவு ஊறியிருக்கிறதோ அவ்வளவு பிரியம். அல்ஹாஜி இறைச்சியைக் கடைக்காரன் அடுப்புப் பக்கத்திலேயே நின்று தின்றுவிட்டு, வாயில் பல்குச்சியோடு வீட்டுக்கு வருவார். சமையலுக்குப் போடும் மசாலாக் கட்டிகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அவர் கையாலேயே எடுத்துத் தருவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு மனைவி. அவர் வசதிக்கு மூன்றோ நான்கோ இருந்திருக்கலாம். "லுபாபா மேல அவ்வளவு ஆசை" என்று தெரு பேசிக்கொண்டது. லுபாபாவைக் கேட்டால், "இன்னொருத்தி வந்தா இன்னொரு பெட்டி, இன்னொரு பூட்டு வாங்கணும்டா. அதுக்கு மனசு வரல" என்பாள்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கல்யாணமாகி வந்தவள். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே சுகம், நான் புத்தகக் கடைகளிலிருந்து வாங்கிக் கொடுக்கும் காதல் நாவல்கள். மெலிந்த தாளில் அச்சடித்து, அட்டையில் ஒரு பெண்ணும் ஒரு காரும் போட்டு வரும் புத்தகங்கள். அவள் படித்து முடித்ததும் தெருவில் வீடு வீடாகச் சுற்றி, அட்டை கிழிந்து திரும்பி வரும். ஒரு நாள் என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

"எல்லாக் கதையிலயும் ஒண்ணு விமானம் ஓட்டுறான், இல்லேன்னா ராஜா மகனா இருக்கான். ஒருத்தனாவது பொண்டாட்டியப் பாத்து, சாப்பிட்டியான்னு கேக்குறானா?"

"கேக்குற மாதிரி ஒருத்தனை நீயே எழுது."

"எழுதுவேன்டா. எனக்கு ரொம்ப சுலபம். இந்த வீட்ல என்னல்லாம் நடக்கலையோ அதை எழுதினாப் போதும், ரெண்டு பாகம் வரும்."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தேன். ஆனால் களி வேகும் நேரத்தில், ஒரு கையில் அகப்பையும் மறு கையில் கைபேசியுமாக எழுதவே ஆரம்பித்துவிட்டாள். கணவர் அனுமதி இல்லாமல் புத்தகம் போட முடியாது. அந்தப் பேச்சுவார்த்தைக்குத் தரகனாக நான் போனேன்.

அல்ஹாஜி முதலில் கேட்டது கதையைப் பற்றி அல்ல.

"எழுதுறதுக்கு என்ன செலவு?"

"ஃபோன்லதான் எழுதுறா, அல்ஹாஜி."

"ஃபோனுக்கு சார்ஜ்?"

"பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்ல போட்டுக்குறா."

"அச்சுக்கூலி?"

"அவ சீட்டுப் பணம் இருக்கு."

கொஞ்ச நேரம் கோலாக் கொட்டையை மென்றார். எனக்குத் தெரியும், ஒரு சரக்கு இலவசம் என்றால் அவருக்குச் சந்தேகம் வரும்.

"பின் அட்டைல என்ன இருக்கும்?"

"எதுவும் இருக்காது. அவ ஃபோன் நம்பர் மட்டும். வாசகிங்க கூப்பிடுவாங்கள்ல."

"அப்ப இடம் சும்மா கெடக்கும். நம்ம கடை விலாசத்தப் போடச் சொல்லு. அனுமதி குடுத்துட்டேன்."

இப்படித்தான் எங்கள் கானோ நகரத்தில் ஒரு எழுத்தாளர் உருவானார்.

நாவலின் பெயர் 'வெள்ளிக்கிழமைப் பொட்டலம்'. மனைவியே கதை சொல்லுவதாக எழுதியிருந்தாள். கணவன் வெள்ளிதோறும் தொழுகை முடிந்து சுட்ட கோழியைப் பொட்டலம் கட்டி வருகிறான். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் கடையைச் சாத்திவிட்டு ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான். கம்பு உருண்டையைத் தயிரில் அவனே கரைத்து, முதல் வாய் அவளுக்குக் கொடுக்கிறான். பெட்டிகளுக்கு அந்த வீட்டில் பூட்டே கிடையாது. நான் படித்துவிட்டு, ஆம்பளை வர்க்கத்தின் மீது இவ்வளவு பெரிய அவதூறு இதுவரை அச்சில் வந்ததில்லை என்றேன். அவள் சிரித்தாள்.

அதில் ஒரு சங்கதியை நானும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. எங்கள் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். லுபாபா ஒழுக்கமாக வளர்ந்தவள். அதனால் கதை சொல்லும் மனைவியும் கணவன் பெயரை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை சொல்லவில்லை. 'என் வீட்டுக்காரர்', 'என் வீட்டுக்காரர்' என்றே போயிற்று. முன்பக்கத்தில், 'எழுத அனுமதி தந்த என் வீட்டுக்காரருக்கு நன்றி'. பின் அட்டையில் கடை விலாசம். பெயர் இல்லாத கதாநாயகனுக்கு வாசகிகள் என்ன செய்வார்கள்? விலாசம் இருக்கிறதே, வந்து பார்த்துவிட்டார்கள்.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, துணி பார்க்கிற சாக்கில் அல்ஹாஜியையே பார்த்தார்கள்.

"இவருதானாடி?"

"தொந்தி இருக்குதே."

"லுபாபா அக்கா அதெல்லாம் எழுதுவாங்களா? பிரியம் இருந்தா தொந்தி தெரியுமா?"

அப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் பேரம் பேசவில்லை. பேரம் பேசினால் அவர் மனம் நோகும் என்று நினைத்தார்கள். அல்ஹாஜி வாழ்க்கையில் அதுவரை பார்க்காத காட்சி அது. ஏன் வருகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை, கடைசிவரை படிக்கவும் இல்லை. ஆனால் மறுநாளே கஞ்சி போட்ட தொப்பியும் அத்தரும் கடைக்கு வந்துவிட்டன. வாடிக்கைக்காரி யாராவது, "வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா கோழிதானா, அல்ஹாஜி?" என்று கேட்டால், கண்ணைத் தாழ்த்தி, "ஏதோ, என்னால முடிஞ்சது" என்பார். வீட்டில் மசாலாப் பெட்டியின் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

லுபாபாவுக்கு நாளெல்லாம் அழைப்புகள் வந்தன. "அக்கா, உங்க வீட்டுக்காரருக்குத் தம்பி யாராவது இருக்காரா?" என்று ஒருத்தி கேட்டாளாம். இவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு, பாலைவனப் புழுதியோடு வரும் ஹார்மத்தான் காற்று தொடங்கியதோடு நின்றது.

லேஸ் துணியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் அல்ஹாஜி தன்லாமி, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அவர் மகள் ஃபிர்தவ்சி அந்தப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாளாம். வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் தள்ளிவிட்டாளாம். கட்டினால் அந்த வீட்டுக்காரரைத்தான் கட்டுவேன், மூத்தவளுக்குத் தங்கையாக இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். ஒரே செல்ல மகள். தகப்பனாருக்கு வேறு வழி தெரியவில்லை.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அல்ஹாஜி முந்தாரியாவது, இரண்டாம் அடுப்பாவது! ஆனால் தன்லாமியின் மருமகன் என்றால் லேஸ் சரக்கு முதலில் இந்தக் கடைக்குத்தான் இறங்கும். இத்தனை வருஷமாக லுபாபாவைக் காத்துவந்த அதே கஞ்சத்தனம், ஒரே நாளில் கட்சி மாறிவிட்டது. சம்மதம் என்று அல்ஹாஜி சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் போனபோது லுபாபா வாசல் அறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். கைபேசி கவிழ்ந்து கிடந்தது.

"கேள்விப்பட்டியாடா? என் கதாநாயகனுக்குச் சம்பந்தம் வந்திருக்கு."

"கேள்விப்பட்டேன்."

"இந்த மனுஷனுக்கு இன்னொருத்தி வந்தா வரட்டும், அதுல பாதிப் பல்குச்சிய அவ எடுத்துக்கட்டும். ஆனா அவ கேக்குறது இவரை இல்லடா. நான் எழுதினவனை. அவனைச் செய்ய எனக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அதையும் பங்கு போடச் சொல்றியா?"

அவள் குரலில் கேலி இல்லாமல் நான் கேட்டது அன்றுதான். "இப்ப என்ன பண்ணப் போற?" என்றேன்.

"ரெண்டாம் பாகத்துல உண்மைய எழுதப் போறேன். பூட்டு, பல்குச்சி, எல்லாத்தையும். படிச்சிட்டு அந்தப் பொண்ணு ஓடியே போயிருவா."

எழுதினாள். கணவன் மசாலாக் கட்டியை எண்ணித் தரும் அத்தியாயத்தை, அச்சுக்கு முன்னால் வாசகிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டுப் பதில்களைப் போட்டுக் காட்டினாள். எல்லாம் குரல்பதிவு.

"அக்கா, உடம்பு சரியில்லையா? இது நம்ம ஆளே இல்ல."

"புதுசா ஒருத்தி வரப்போறாளாம்ல. அந்த வயித்தெரிச்சல்ல இப்படி எழுதிட்டாங்க, பாவம்."

"ஒரு நல்ல மனுஷனை இப்படி அசிங்கப்படுத்தலாமா? அல்லாஹ்வுக்கு அடுக்குமா?"

கடைசிக் குரல் ஃபிர்தவ்சியுடையது. ரொம்ப மரியாதையாக இருந்தது. "அக்கா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. நான் வந்தப்புறம் அவரை நானும் நல்லாப் பாத்துப்பேன்."

லுபாபா கைபேசியைக் கீழே வைத்தாள். "பொய்ய எழுதினேன், ஊரே நம்புச்சு. உண்மைய எழுதினா பொறாமைங்குது. இது என்னடா தொழில்?"

"உனக்கு எழுதத் தெரியும், விக்கத் தெரியல" என்றேன். "சந்தைல வந்து ஒரு நாள் உக்காந்து பாரு. ஒருத்தன் ஒரு துணிய வாங்கியே தீருவேன்னு நிக்கிறான். அது நொள்ளை, சாயம் போகும்னு சொன்னா, நீ வேற யாருக்கோ ஒதுக்கி வச்சிருக்கேன்னு நினைப்பான். இன்னும் ஒட்டிக்குவான். அவன் போகணும்னா, துணியப் புகழ்ந்து விலைய ஏத்தணும்."

"புரியற மாதிரிச் சொல்லு."

"உன் ஆளு ரெண்டாவது கல்யாணம் பண்ணட்டும். கதைல. அவன் பொண்ணு வீட்டுக்கு இறக்குற கல்யாணச் சீர்ப்பெட்டி தெருவையே அடைக்கட்டும். பொண்ணோட அம்மாவுக்கு மக்கா பயணம். அத்தைங்க ஒவ்வொருத்திக்கும் தனிப்பெட்டி. எல்லாத்துக்கும் மேல, உன் ஆளு நீதிமான். புதுசுக்கு என்ன குடுத்தாலும் மூத்தவளுக்கும் அதே அளவு குடுத்துருவான். மார்க்கம் அப்படித்தானே சொல்லுது?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம், "என் கையாலயே அவளைக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கச் சொல்றே" என்றாள்.

"கதைலதானே?"

"அங்கதானே நான் இருக்கேன், முட்டாள்."

ஆனாலும் எழுதினாள். கல்யாண அத்தியாயத்தை முடித்த அன்று அவள் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எனக்குக் காட்டியபோது, அந்தப் பக்கங்களில் அவள் முதல் பாகத்தைவிட நன்றாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் அடித்திருப்பாள்.

இரண்டாம் பாகம் வந்த வேகத்தில் வானொலியில் வாசிக்க எடுத்துக்கொண்டார்கள். பிற்பகலில், சந்தையே வெயிலுக்குச் சோம்பிக் கிடக்கும் நேரத்தில், வாசிப்பவர் இழுத்து இழுத்து வாசித்தார். சீர்ப்பெட்டிகள் இறங்கும் காட்சி வந்தபோது அல்ஹாஜி கடையில் நானும் இருந்தேன். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளே இருப்பதைச் சொல்லிச் சொல்லி வாசித்தார். சுவிஸ் லேஸ். தங்கச் சரிகை. கைப்பை, செருப்பு, அத்தர். அடுத்த பெட்டி. அதற்கடுத்த பெட்டி. வாடிக்கைக்காரிகள் ஒவ்வொன்றுக்கும் 'ஆகா' என்றார்கள். அல்ஹாஜியின் வாயில் இருந்த கோலாக் கொட்டை மெல்லப்படாமல் அப்படியே நின்றது.

"மூத்தவளுக்கும் இதே மாதிரியா?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள்.

"பின்னே? நீதிமான்ல."

தன்லாமி வீட்டிலும் வானொலி இருந்தது. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டுப் பெட்டிகளைப் பெண் வீட்டு அத்தைமார் நடு முற்றத்தில் திறந்து, ஊர் பார்க்க ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்கள். குறைந்தால் அந்தப் பேச்சு பேரன் கல்யாணம் வரை வரும். அத்தைமார் ஒரு வரியில் சொல்லி அனுப்பினார்கள்: "நாங்க எதுவும் கேக்க மாட்டோம். புத்தகத்துல இருக்கற மாதிரி இருந்தாப் போதும்."

அன்று மாலையே அல்ஹாஜி என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"ஸகாரி, அந்தப் புத்தகத்துல இருக்கறது நான் இல்லைன்னு போய்ச் சொல்லிடு."

"தாராளமாச் சொல்றேன். தன்லாமி வீட்ல சொன்னா நாளைக்குச் சந்தைக்கே தெரிஞ்சிரும். அப்புறம் இந்தப் பொம்பளைங்கள்லாம் பேரம் பேச ஆரம்பிச்சிருவாங்க. பரவால்லயா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. "அப்ப பாதிப் பெட்டி குடுத்து முடிச்சிரு. பேசிப் பாரேன்."

"கதாநாயகன் பேரம் பேசுவானா, அல்ஹாஜி?"

உட்கார்ந்துவிட்டார். அவர்தான் கதாநாயகன் என்றால் பெட்டிகளை இறக்க வேண்டும். இல்லை என்றால் கடையில் விலையை இறக்க வேண்டும். அவர் மேல் எனக்கே பாவமாக இருந்தது. தரகனுக்குப் பாவம் வந்தால் கூலியும் வரும். "ஒரு வழி இருக்கு" என்றேன். "காசு செலவில்லாத வழி. ஒரே ஒரு வாக்கியம் சொல்லணும். கண்ணு கொஞ்சம் கலங்கினா நல்லது."

இரண்டு பெரியவர்களோடு தன்லாமி வீட்டுக்குப் போனோம். திரைக்குப் பின்னால் பெண்கள் வளையல் சத்தம் கேட்டது. அல்ஹாஜி நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். "என் வீட்டுக்காரி கண்ணுல தண்ணியப் பாத்துட்டுக் கல்யாணப் பந்தலுக்குப் போக என்னால முடியல. என்னை மன்னிச்சிருங்க." பெட்டிகளை நினைத்தாரோ என்னவோ, கண்ணும் நன்றாகவே கலங்கியது.

தன்லாமி வியாபாரி. என்ன நடக்கிறது என்று அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் அத்தைமார் விசும்ப ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சண்டை போட்டிருந்தால் சொந்த வீட்டிலேயே அவருக்குச் சோறு கிடைத்திருக்காது. அடுத்த வாரமே அவர் மனைவி, "அப்பேர்ப்பட்ட மனுஷனோட வியாபாரத்த விட்றாதீங்க" என்று சொல்லி, லேஸ் சரக்கு அல்ஹாஜி கடைக்கே இறங்கியது. ஃபிர்தவ்சி லுபாபாவை அழைத்து அழுதாளாம். "அக்கா, அவரு வேண்டாம். எனக்காக இப்படி ஒருத்தியை வேண்டாம்னு சொல்ற ஆளு கிடைச்சாக் கட்டிக்கிறேன்" என்றாளாம்.

ஊர் முழுக்க அதே பேச்சு. பெண்டாட்டிக்காகப் பணக்கார வீட்டுப் பெண்ணை உதறிய மனுஷன். அல்ஹாஜியைப் பார்க்க இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள்.

லுபாபா ஜெயித்துவிட்டாள் என்று கேலி பண்ணவே, தன்லாமி வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் அவளிடம் போனேன். வாசல் அறையில் அதே பாயில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கவில்லை.

"நேத்து இவரு வந்து எங்கிட்ட நேராச் சொன்னாருடா" என்றாள். "எனக்குத்தான் தெரியுமே, பெட்டிக்குப் பயந்துட்டு வந்திருக்காருன்னு. அந்தப் பெட்டிய எழுதினதே நான்தானே. இருந்தாலும் அவரு சொன்னப்ப ஒரு நிமிஷம் நம்பிட்டேன். இனிமே என் வாசகிகளைக் கேலி பண்ண மாட்டேன்."

"அப்படி என்ன சொன்னாரு?"

"உன் கண்ணுல தண்ணியப் பாத்துட்டுப் பந்தலுக்குப் போக முடியலன்னாரு. அது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கொஞ்சம் புத்தக வாடை. அப்புறம் செருப்பக் கழட்டிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம இன்னொண்ணு சொன்னாரு. அந்தப் பொண்ணு கட்டிக்க வந்தது கதைய, நீ கட்டிக்கிட்டது என்னையத்தானே, அப்படின்னாரு."

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"ஸகாரி, உண்மையச் சொல்லு. நீதானே சொல்லிக் குடுத்து அனுப்பின?"

முதல் வாக்கியம் என் சரக்குதான். அடுத்த வாக்கியம் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு சரக்கு என்னிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் ஒரு பக்கத்தின் விலையை மறுபக்கத்தில் சொன்ன தரகன் எங்கள் சந்தையில் பிழைத்ததில்லை.

"எனக்கு எதுவும் தெரியாது, லுபா" என்றேன்.

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கைபேசியை எடுத்து, அந்த இரண்டில் ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டாள். எது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.